லினக்ஸில் மின்னஞ்சல் லிங்க்கைச் சொடுக்கினால் தண்டர்பேர்ட் திறக்க எங்கே மாற்ற வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். உபுண்டு லினக்ஸில் தண்டர்பேர்ட் மெயில் நிரல் இருக்கிறது, அதில் மெயில் கணக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் ஏதாவது ஒரு தளத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் குரோமில் ஜிமெயில் புதிய டேபில் வந்து நிற்கிறது. ஃபயர்பாக்ஸில் ஒன்றுமே நடப்பதில்லை. இரண்டிலும் தண்டர்பேர்டின் எழுதும் சாளரம் திறக்க என்ன செய்வது?

செய்யலாம், பெரும்பாலும் சில நிமிட வேலைதான். ஆனால் தேடியவுடன் கிடைக்கும் கட்டளைகளை வரிசையாக ஓட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் சொடுக்கியது மூன்று கை மாறித்தான் தண்டர்பேர்டுக்குப் போகிறது: முதலில் பிரவுசர், அடுத்து டெஸ்க்டாப் சூழல் (திரையையும் சாளரங்களையும் நடத்தும் க்னோம், கேடிஈ போன்றவை), கடைசியில் மெயில் நிரல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனிக் கோப்பு. டெஸ்க்டாப்பில் சரிசெய்தால் குரோமுக்குள் ஜிமெயில் பிடித்துவைத்திருப்பது மாறாது. ஃபயர்பாக்ஸில் எதை மாற்றினாலும் டெஸ்க்டாப்பில் தவறாக இருக்கும் பதிவு (எந்த லிங்க்கை எந்த நிரல் திறக்க வேண்டும் என்ற குறிப்பு) மாறாது. உங்கள் இரண்டு பிரவுசர்களும் இரண்டு விதமாக நடந்துகொள்வதே ஒரு நல்ல தடயம். அநேகமாக உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, இரண்டு சிக்கல்கள்.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவில் வரும் இணைப்புக்கோடு, புள்ளி, சாய்கோடு எதையும் விடாமல் அடியுங்கள். கட்டளையின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை டெர்மினலே நிரப்பிக்கொடுக்கும், எழுத்துப்பிழைக்கு இடமிருக்காது.

முதலில் ஒரு சின்ன சோதனை, பிரவுசரிலேயே. அந்த லிங்க்கின் மேல் வலது சொடுக்குப் போடுங்கள். "மின்னஞ்சல் முகவரியை நகலெடு" என்ற பொருளில் ஒரு வரி மெனுவில் வந்தால், அது உண்மையான மெயில்டூ லிங்க், அதாவது மெயில் எழுதும் சாளரத்தைத் திறக்கச் சொல்லும் லிங்க். வெறும் "லிங்க்கை நகலெடு" மட்டும் வந்தால், பக்கத்தை எழுதியவர் வேறு ஏதோ செய்திருக்கிறார், உங்கள் கணினியில் எதை மாற்றியும் பயனில்லை. இது அடிக்கடி நடக்கிற விஷயம். எரிதம் (ஸ்பேம்) அனுப்புகிறவர்கள் முகவரிகளைத் திரட்டாமலிருக்க, கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவைகள் பக்கத்தில் உள்ள முகவரிகளை மறைத்து வைக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் அவை மெயில்டூவாக மாறும். ஸ்கிரிப்ட் தடுப்பான் போட்டிருப்பவர்களுக்கு அந்த லிங்க் "மின்னஞ்சல் பாதுகாப்பு" என்று ஒரு பக்கத்தைத்தான் திறக்கும்.

மெயில்டூ என்பது பழைய ஏற்பாடு. 1994இல் வந்த ஆர்எஃப்சி 1738 என்ற இணையத் தர ஆவணத்திலேயே அது இருக்கிறது. பொருள் வரி, உடல், நகல் பெறுபவர் ஆகியவற்றையும் லிங்க்குக்குள் வைக்கும் முறையை 1998இல் ஆர்எஃப்சி 2368 வகுத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2010இல் வந்த ஆர்எஃப்சி 6068. அமைப்பு எளிமையானது: மெயில்டூ என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, முகவரி, பிறகு ஒரு கேள்விக்குறி, அதற்கப்புறம் சப்ஜெக்ட், பாடி, சிசி போன்ற புலங்கள், அவற்றுக்கிடையே & குறி. இந்த & குறி கொஞ்ச நேரத்தில் நமக்கு வேலை வைக்கும்.

இப்போது பிரவுசரை மூடிவிட்டு டெர்மினலைத் திறங்கள். நடுக் கையிலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம், ஏனென்றால் அங்கே கிடைக்கும் விடை மற்ற இரண்டைப் பற்றியும் சொல்லிவிடும். லிங்க்கை நேராக டெஸ்க்டாப்பிடம் கொடுக்கும் இந்த வரியை அடியுங்கள்:

எக்ஸ்டிஜி-ஓப்பன் 'மெயில்டூ:டெஸ்ட்@எக்ஸாம்பிள்.காம்?சப்ஜெக்ட்=டெஸ்ட்&பாடி=ஹலோ'

எக்ஸாம்பிள்.காம் என்பது இப்படிப்பட்ட சோதனைகளுக்கும் ஆவணங்களுக்கும் என்றே ஒதுக்கப்பட்ட பெயர், யாருக்கும் தொந்தரவு இருக்காது. ஒற்றை மேற்கோள் குறிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். டெர்மினலில் & என்றால் "இதுவரை உள்ளதைப் பின்னணியில் ஓட்டு" என்று பொருள்; மேற்கோள் இல்லாவிட்டால் லிங்க் அந்த இடத்திலேயே வெட்டுப்பட்டு, உடல் பகுதி காணாமல் போய்விடும். அப்புறம் தண்டர்பேர்டில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தண்டர்பேர்டின் எழுதும் சாளரம் திறந்து, முகவரி, பொருள், உடல் மூன்றும் நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப்பும் மெயில் நிரலும் சரி. சிக்கல் முழுக்க பிரவுசரில்தான். எவல்யூஷன் என்ற மெயில் நிரலோ வேறு ஏதோ நிரலோ, அல்லது பிரவுசரேயோ திறந்தால் இயல்புநிலைப் பதிவு தவறாக இருக்கிறது. ஒன்றும் திறக்காமல், "குறிப்பிட்ட இடம் ஆதரிக்கப்படவில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், மெயில்டூவுக்கு யாருமே பதிவாகவில்லை. தண்டர்பேர்ட் திறந்தும் எழுதும் சாளரம் வராமலோ, முகவரி வெற்றாகவோ இருந்தால் கோளாறு கடைசிக் கையில்: நிரலை அழைக்கும் வரியில்.

அதே லிங்க்கை எக்ஸ்டிஜி-ஈமெயில் என்ற கட்டளைக்கும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். காரணம் இருக்கிறது. குரோமியம் வகைப் பிரவுசர்கள் (குரோம் உட்பட) மற்ற லிங்க்குகளுக்கு எக்ஸ்டிஜி-ஓப்பனை அழைத்தாலும், மெயில்டூவுக்கு மட்டும் எக்ஸ்டிஜி-ஈமெயிலை அழைக்கின்றன. ஃபயர்பாக்ஸ் இந்த இரண்டையும் தொடாமல் க்னோமின் ஜியோ நூலகம் வழியாக நேரடியாகப் பதிவைப் படிக்கிறது. ஒரே கணினியில் ஒரு பிரவுசர் சரியாகவும் இன்னொன்று தவறாகவும் நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, நடுக் கை.

க்னோமில் செட்டிங்ஸ் போய் இயல்புநிலைப் பயன்பாடுகளில் மெயில் என்ற வரியைப் பாருங்கள். புதிய பதிப்புகளில் அது ஆப்ஸ் பகுதிக்குள் போய்விட்டது. கேடிஈ பிளாஸ்மாவில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ். லினக்ஸ் மின்ட்டின் சின்னமனில் ப்ரிஃபர்ட் அப்ளிகேஷன்ஸ். தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுங்கள், மேலே சொன்ன சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்காகத்தான் மீதி. அந்தத் திரையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது கடைசியில் ஒரு சாதாரண உரைக்கோப்பில் ஒரு வரியாகப் போய் உட்காருகிறது. கோப்பின் பெயர் மைம்ஆப்ஸ்.லிஸ்ட். ஹோம் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் .கான்ஃபிக் என்ற மறைந்த கோப்புறையில் இருக்கும். திறந்து பார்த்தால் சதுர அடைப்புக்குறிக்குள் டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே இப்படி ஒரு வரி:

எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/மெயில்டூ=தண்டர்பேர்ட்.டெஸ்க்டாப்

மெயில்டூ லிங்க்கை ஒரு கோப்பு வகை போலவே நடத்தி, அதற்கு ஒரு நிரலைப் பதிவுசெய்யும் முறை இது. க்னோம் 3 வருவதற்கு முன் இந்தத் தகவல் ஜிகான்ஃப் என்ற வேறொரு அமைப்பில் இருந்தது. ஜிகான்ஃப்டூல் என்று தொடங்கும் கட்டளையை யாராவது பரிந்துரைத்தால் அது க்னோம் 2 காலத்து அறிவுரை. இன்று அதை ஓட்டினாலும் யாரும் படிக்காத இடத்தில்தான் எழுதும். தேடல் முடிவுகளில் இப்படிப்பட்ட பழைய விடைகள் இன்னும் மேலே வருவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்கள் அதை முயன்று, வேலை செய்யாமல், லினக்ஸே இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

இப்போது யார் பதிவாகியிருக்கிறார் என்று கேட்க: எக்ஸ்டிஜி-மைம் க்வெரி டீஃபால்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/மெயில்டூ. விடையாக .டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்புப் பெயர் வரும்; நிரலை எப்படி அழைப்பது என்று சொல்லும் சின்னக் கோப்பு அது. மாற்ற: எக்ஸ்டிஜி-மைம் டீஃபால்ட், இடைவெளி, தண்டர்பேர்டின் டெஸ்க்டாப் கோப்புப் பெயர், இடைவெளி, அதே எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/மெயில்டூ. முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போடாதீர்கள். இது உங்கள் கணக்குக்கான அமைப்பு. சூடோ போட்டால் ரூட் பயனரின் ஹோமில் போய் எழுதிவிட்டு, உங்களுக்கு ஒன்றும் மாறாது.

எந்த டெஸ்க்டாப் கோப்புப் பெயர் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டெபியன் தொகுப்பு, ஸ்னாப், ஃப்ளாட்பேக் மூன்றும் நிரலை நிறுவும் வெவ்வேறு வடிவங்கள். டெபியன் தொகுப்பாக நிறுவினால் பெயர் தண்டர்பேர்ட்.டெஸ்க்டாப், அது யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் இருக்கும். ஸ்னாப்பாக வந்திருந்தால் தண்டர்பேர்ட்_தண்டர்பேர்ட்.டெஸ்க்டாப், ஒரே பெயர் இரண்டு முறை, நடுவில் அடிக்கோடு. அது ஸ்னாப்பை நடத்தும் ஸ்னாப்டீயின் சொந்தக் கோப்புறையில் இருக்கும். ஃப்ளாட்பேக்கில் புள்ளிகள் நிறைந்த நீண்ட பெயர். உபுண்டு 24.04 முதல் தண்டர்பேர்ட் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. எனவே பழைய உபுண்டுவுக்கு எழுதிய அறிவுரையை வரிக்கு வரி பின்பற்றினால், உங்கள் கணினியில் இல்லாத ஒரு கோப்பைப் பதிவுசெய்துவிட வாய்ப்பு உண்டு. கட்டளையும் பிழை எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளலாம். இல்லாத கோப்பைச் சுட்டும் வரியைக் கணினி தாண்டிப் போய் அடுத்ததைத் தேடும். நீங்கள் "மாற்றிவிட்டேனே, ஏன் எவல்யூஷன் திறக்கிறது" என்று திகைப்பீர்கள்.

இதைத் தவிர்க்க ஜியோ மைம் என்ற கட்டளைக்கு எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/மெயில்டூ என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். இப்போதைய இயல்புநிலை எது, வேறு எந்தெந்த நிரல்கள் மெயில்டூவை ஏற்கத் தயார் என்று பட்டியலே போட்டுவிடும். அந்தப் பட்டியலில் உள்ள பெயரை அப்படியே நகலெடுத்துப் பயன்படுத்தினால் பிழை வராது. தண்டர்பேர்ட் பட்டியலிலேயே இல்லை என்றால் அதன் டெஸ்க்டாப் கோப்பு கணினியின் கண்ணில் படவில்லை என்று பொருள். முதல்முறையாக ஃப்ளாட்பேக் நிறுவியவர்கள் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃப்ளாட்பேக்கின் கோப்புறை அப்போதுதான் தேடும் பாதையில் சேரும்.

இன்னொரு பொறி. மைம்ஆப்ஸ்.லிஸ்ட் ஒன்று மட்டும் இல்லை. .கான்ஃபிக் கோப்புறையிலேயே டெஸ்க்டாப்பின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட ஒரு கோப்பு இருக்கலாம்: க்னோம்-மைம்ஆப்ஸ்.லிஸ்ட், கேடிஈ-மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்பதுபோல. இருந்தால் அதுதான் முதலில் படிக்கப்படும், பொதுவான கோப்பு அதற்குப் பிறகுதான். அடுத்து ஈடிசி/எக்ஸ்டிஜி கோப்புறையில் நிர்வாகி வைத்தவை, கடைசியாக நிரல்தொகுப்புகள் வைத்தவை. முதலில் கிடைக்கும் செல்லுபடியான பதிவே வெல்லும். நீங்கள் சரியான கோப்பில் சரியான வரியை எழுதியும் ஒன்றும் மாறவில்லை என்றால், முன்னொட்டுள்ள கோப்பு ஒன்று மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்தக் கோப்பைப் படிக்கிறது என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு: எக்ஸ்டிஜி_யுட்டில்ஸ்_டீபக்_லெவல் என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் ஓடும்போது படிக்கும் மதிப்பு) 2 என்று மதிப்புக் கொடுத்து, அதே வரியில் எக்ஸ்டிஜி-மைம் க்வெரியை ஓட்டுங்கள். மாறியின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தேடும் பாதை முழுவதையும் திரையில் கொட்டும்.

எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கூடுதல் படி. அங்கே மெயில்டூவின் பதிவு எக்ஸ்எஃப்சிஈ4-மெயில்-ரீடர்.டெஸ்க்டாப் என்று காட்டலாம். அது தவறல்ல, ஓர் இடைத்தரகர். உண்மையான தேர்வு .கான்ஃபிக்/எக்ஸ்எஃப்சிஈ4 கோப்புறையில் ஹெல்பர்ஸ்.ஆர்சி என்ற கோப்பில், மெயில்ரீடர் என்ற வரியில் இருக்கும். டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ் திரையில் மாற்றினால் அது தானாக எழுதப்படும்.

ஐ3, ஸ்வே போன்ற வெறும் சாளர மேலாளர்களில் எந்த டெஸ்க்டாப் என்று எக்ஸ்டிஜி-ஓப்பனுக்குத் தெரியாது. அது தன் பொதுவழியில் மைம்ஆப்ஸ்.லிஸ்ட்டைப் படிக்கும், அங்கேயும் கிடைக்காவிட்டால் பிரவுசர் என்ற சூழல் மாறியில் உள்ள நிரலிடம் லிங்க்கைக் கொடுத்துவிடும். அதாவது பிரவுசரில் சொடுக்கிய மெயில்டூ மறுபடி பிரவுசருக்கே வந்துசேரும். இவர்கள் மைம்ஆப்ஸ்.லிஸ்ட்டில் அந்த ஒரு வரியைக் கையால் எழுதிவிடுவதே சுத்தம்.

இனி பிரவுசர்கள். உங்கள் குரோம் கதை தெளிவானது. தளங்கள் "இனி மெயில்டூ லிங்க்குகளை என்னிடம் அனுப்பு" என்று பிரவுசரிடம் கேட்டுப் பதிவுசெய்துகொள்ள முடியும். ஜிமெயிலைத் திறந்தபோது முகவரிப் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு சாய்சதுரங்கள் போல ஒரு சின்னம் வந்திருக்கும், என்றைக்கோ அதற்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். அந்தப் பதிவு இருக்கும்வரை குரோம் டெஸ்க்டாப்பைக் கேட்கவே கேட்காது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதன் கூடுதல் அனுமதிகளுக்குள் புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ் என்று இருக்கும். அங்கே ஜிமெயில் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி நீக்குங்கள். தளங்கள் இப்படிக் கேட்கவே கூடாது என்ற தேர்வும் அதே திரையில் இருக்கிறது. வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால் அதையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது மறுபடி அனுமதித்துவிடுவார்கள். பிரேவ், எட்ஜ் போன்றவையும் குரோமியத்தில் கட்டியவைதான். தளங்களுக்கான அனுமதிகளில் தேடினால் இதே பகுதி கிடைக்கும்.

ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், அதில் அப்ளிகேஷன்ஸ் பகுதி. மெயில்டூ என்று ஒரு வரி இருக்கும். அதன் வலப்பக்கப் பட்டியலில் ஜிமெயில் போன்ற இணைய மெயில்களும், டெஸ்க்டாப்பில் பதிவான நிரலும், "ஒவ்வொரு முறையும் கேள்" என்பதும், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கும். டெஸ்க்டாப்பின் இயல்புநிலை எனக் காட்டப்படும் தண்டர்பேர்டைத் தேர்ந்தெடுங்கள். "வேறொன்று" வழியாக நிரலின் பாதையைக் காட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிரலின் இடம் மாறும்போது அது சத்தமில்லாமல் உடையும். உங்களுக்கு ஒன்றுமே நடக்காமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்: ஒரு காலத்தில் இருந்த நிரலின் பாதை இன்னும் அங்கே பதிந்திருக்கும்.

அந்தத் திரை எதைச் சொன்னாலும் நடக்காவிட்டால், ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு, உங்கள் அமைப்புகள் சேமிக்கப்படும் புரொஃபைல் கோப்புறையில் ஹேண்ட்லர்ஸ்.ஜேசன் என்ற கோப்பின் பெயரை மாற்றிவைத்துத் திறங்கள். ஃபயர்பாக்ஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். மற்ற கோப்பு வகைகளுக்கு நீங்கள் செய்துவைத்த தேர்வுகளும் அதோடு போய்விடும் என்பதால் இதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் மெயில்டூவுக்கு ஃபயர்பாக்ஸையே பதிவுசெய்துவிட்டு, ஃபயர்பாக்ஸுக்குள் "டெஸ்க்டாப்பிடம் கொடு" என்று வைத்தால், இருவரும் லிங்க்கை மாறி மாறி ஒருவரிடம் ஒருவர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். டேபுகள் முடிவில்லாமல் திறந்துகொண்டே போகும். அப்படி நடந்தால் பதறாமல் டெர்மினலில் பிகில் ஃபயர்பாக்ஸ் என்று அடித்து நிறுத்துங்கள். பிறகு எக்ஸ்டிஜி-மைம் கொண்டு மெயில்டூவின் பதிவைத் தண்டர்பேர்டுக்கு மாற்றுங்கள்.

உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸும் ஸ்னாப்தான். ஸ்னாப், ஃப்ளாட்பேக் இரண்டிலும் பிரவுசர் ஒரு வேலிக்குள் ஓடுகிறது. வெளியே உள்ள தண்டர்பேர்டை அது நேரடியாக ஓட்ட முடியாது. "வேறொன்று" வழியாகப் பாதையைக் காட்டினாலும் பலனிருக்காது. அது லிங்க்கை வெளியே இருக்கும் ஓர் இடையாளிடம் ஒப்படைக்கும், அந்த இடையாள் வெளியே உள்ள பதிவைப் பார்த்து நிரலைத் திறப்பார். அந்த வேலையைச் செய்வது எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் என்ற சேவை. க்னோமிலும் பிளாஸ்மாவிலும் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்வே பயனர்கள் பலரிடம் அந்தச் சேவைக்கு டபிள்யூஎல்ஆர் என்ற பின்தளம் மட்டும் இருக்கும், அதில் நிரலைத் தேர்ந்தெடுக்கும் உரையாடல் கிடையாது. எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்-ஜிடிகே தொகுப்பையும் சேர்த்து நிறுவிக்கொள்ள வேண்டும். டெர்மினல் சோதனை சரியாக வந்தும் ஸ்னாப், ஃப்ளாட்பேக் பிரவுசர்களில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது இந்த இடையாளைத்தான்.

கடைசிக் கை, மெயில் நிரல். ஒவ்வொரு டெஸ்க்டாப் கோப்பிலும் எக்ஸெக் என்று தொடங்கும் வரி ஒன்று உண்டு. நிரலை எப்படி அழைக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். தண்டர்பேர்டுக்கு அந்த வரி தண்டர்பேர்ட் %யூ என்று முடியும். அந்த %யூ இடத்தில்தான் நீங்கள் சொடுக்கிய லிங்க் வந்து உட்காரும். அது விடுபட்டிருந்தால் நிரல் திறக்கும், ஆனால் எதற்காகத் திறந்தோம் என்று அதற்குத் தெரியாது. %எஃப் என்று இருந்தாலும் ஆகாது, அது கோப்புகளுக்கானது.

தண்டர்பேர்டை உருவாக்கும் மொசில்லாவிடமிருந்து டார் தொகுப்பை (சுருக்கிக் கட்டிய கோப்பு) நேரடியாக இறக்கி ஆப்ட் கோப்புறையில் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு டெஸ்க்டாப் கோப்பே இருக்காது, நீங்களே எழுத வேண்டும். ஹோமில் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள், .டெஸ்க்டாப் என்று முடியும் ஒரு கோப்பு. அதில் இவ்வளவு போதும்:

[டெஸ்க்டாப் என்ட்ரி]
டைப்=அப்ளிகேஷன்
நேம்=தண்டர்பேர்ட்
எக்ஸெக்=/ஆப்ட்/தண்டர்பேர்ட்/தண்டர்பேர்ட் %யூ
மைம்டைப்=எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/மெயில்டூ;

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது. மைம்டைப் என்பதில் டைப்பின் முதல் எழுத்தும் பெரியது. ஆனால் நிரலின் பாதை, %யூ, எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர் எல்லாம் சிற்றெழுத்து. எக்ஸெக் வரியில் ஹோமைக் குறிக்கும் ~ குறி வேலை செய்யாது, முழுப் பாதையையும் எழுதுங்கள். %யூவைச் சுற்றி மேற்கோள் குறி போடாதீர்கள். சேமித்த பிறகு அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் என்ற கட்டளைக்கு அந்தக் கோப்புறையின் பாதையைக் கொடுத்து ஓட்டினால், ஜியோ மைம் பட்டியலில் உங்கள் தண்டர்பேர்ட் தோன்றும். மறக்காமல் பிறகு எக்ஸ்டிஜி-மைம் டீஃபால்ட்டில் இந்தப் புதிய கோப்பின் பெயரைக் கொடுங்கள். மட், நியோமட் போன்ற டெர்மினல் மெயில் நிரல்களுக்கும் இதே முறைதான். கூடுதலாக டெர்மினல்=ட்ரூ என்று ஒரு வரி, இதில் ட்ரூ மட்டும் சிற்றெழுத்து. ஜியோவுக்குத் தெரியாத டெர்மினலைப் பயன்படுத்தினால் அந்த வரியை விட்டுவிட்டு, எக்ஸெக்கிலேயே உங்கள் டெர்மினலை அழைத்து அதற்குள் மட் நிரலை ஓட்டச் சொல்லுங்கள்.

சில நேரம் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும், நமக்குத்தான் தெரியாது. வேலண்ட் என்ற திரைமுறையில் ஓடும் க்னோமில் புதிய சாளரம் நாம் பார்த்துக்கொண்டிருப்பதன் மேல் தாவி வராமல் தடுக்கப்படுவது உண்டு. எழுதும் சாளரம் பின்னால் திறந்திருக்கும். மேலே "தயார்" என்று ஒரு சின்ன அறிவிப்பு மட்டும் வந்து போகும். "ஒன்றுமே நடப்பதில்லை" என்று முடிவுகட்டும் முன் சாளரப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

தமிழில் பொருள் வரி வைத்து நீங்களே மெயில்டூ லிங்க் எழுதுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ் எழுத்துகளை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் பைட்டுகளாக்கி, ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு இரண்டு இலக்கமாக எழுத வேண்டும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 9 இடம். "வணக்கம்" என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடுகள், லிங்க்கில் அது 63 இடத்தைப் பிடிக்கும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது சரியான வடிவம்தான். இடைவெளிக்கு %20 எழுதுங்கள். கூட்டல் குறி போட்டால் மெயில் நிரல் அதைக் கூட்டல் குறியாகவே காட்டும், படிவங்களில் வேலை செய்யும் பழக்கம் இங்கே செல்லாது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது நீங்கள் பிரவுசரிலிருந்து மெயில் நிரலுக்கு ஒரு வாசலைத் திறக்கிறீர்கள். சில நிரல்கள் மெயில்டூவில் அட்டாச் என்ற புலத்தையும் ஏற்றுக்கொண்டன. தரத்தில் அது இல்லவே இல்லை. அப்படியொரு லிங்க்கைச் சொடுக்கினால், உங்கள் கணினியில் உள்ள கோப்பு ஒன்று இணைப்பாகச் சேர்ந்த நிலையில் எழுதும் சாளரம் திறக்கும். கவனிக்காமல் அனுப்பினால் கோப்பு போய்விடும். 2020இல் ஜெர்மன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்தார்கள். எவல்யூஷன், கேமெயில் ஆகிய மெயில் நிரல்களில் இந்த ஓட்டை இருந்தது. எக்ஸ்டிஜி-ஈமெயில் வழியாகத் தண்டர்பேர்டுக்கு இணைப்பு போய்ச் சேரும் ஓட்டைக்கு சிவிஈ-2020-27748 என்று ஓட்டைப் பட்டியல் எண் கொடுக்கப்பட்டது. புதுப்பிப்புகளை ஒழுங்காகப் போடுகிற கணினியில் இவை அடைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் லிங்க் வழியாகத் திறந்த எந்தக் கடிதத்தையும் அனுப்பும் முன் இணைப்புப் பகுதியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு என் வரிசை இதுதான்: முதலில் எக்ஸ்டிஜி-ஓப்பன் சோதனை, தேவைப்பட்டால் பதிவை மாற்றுவது, பிறகு குரோமில் ஜிமெயிலை நீக்குவது, கடைசியாக ஃபயர்பாக்ஸின் மெயில்டூ வரி. இதற்குப் பிறகும் திறக்கவில்லை என்றால் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: ஜியோ மைம் காட்டிய பட்டியல், இரண்டு பிரவுசர்களும் தண்டர்பேர்டும் ஸ்னாப்பா ஃப்ளாட்பேக்கா சாதாரணத் தொகுப்பா என்பது, எக்ஸ்டிஜி-ஓப்பன், எக்ஸ்டிஜி-ஈமெயில் இரண்டும் டெர்மினலில் சொன்ன பிழைவரிகள். இவை இருந்தால் எந்தக் கையில் நழுவுகிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.